கருவாட்டுக் கோட்டை

இந்த ஊருக்கு ஒரு நல்லது செஞ்சு பாருங்க சார், அப்பத் தெரியும். நீங்க கேட்டீங்கள்ல, இவ்வளவு அழகா வெச்சிருக்கீங்களே, ஏன் ஒரு ஈ காக்கா இல்லைன்னு. அதுக்குத்தான் சொல்றேன். பஸ்ஸு வர நேரமிருக்கு, உட்காருங்க.

என் பேரு தனகோடி. பட்டாளத்துல அவில்தாரா இருந்து ரிட்டயர் ஆனவன். வெளியூர்க்காரன்னு நெனச்சிராதீங்க. இதோ, இந்த ரோட்டுக்கு அந்தாண்ட தெரியுது பாருங்க சேந்தன்குப்பம், அங்கதான் பொறந்தேன். எங்க அப்பாவுக்குக் கட்டுமரம். இந்தக் குப்பத்துலேர்ந்து பட்டாளத்துக்குப் போன மொத ஆளு நான்தான். இப்ப இந்தக் கோட்டைப் பாதுகாப்புக் குழுவுக்குத் தலைவர். குழுன்னா, ஆரம்பத்துல ஏழு பேரு இருந்தோம். இப்ப நான் இருக்கேன்.

டச்சுக்காரன் கட்டுனது சார் இது. அப்புறம் இங்கிலீஷ்காரன் புடிச்சுக்கிட்டான். இந்தக் கூடத்துல சிப்பாய்ங்க படுத்துக்குவாங்க. அந்தச் சின்னக் கதவு இருக்கே, அது மருந்து அறை. துப்பாக்கி மருந்து வெச்சிருந்த எடம். சுவரு எவ்ளோ கனம் பாருங்க. ஒரு புயலு, ஒரு இடி, ஒண்ணும் அசைக்க முடியாது. எடம்னா அது எடம்.

நான் ரிட்டயர் ஆகி வந்து பாக்குறேன், வயிறு எரிஞ்சு போச்சு. மருந்து அறையில ஆடு கட்டியிருக்கு. கூடத்துல ஆம்பளைங்க வலை கிழிசலத் தெச்சுக்கிட்டு, சீட்டாடிக்கிட்டு, படுத்துத் தூங்கிக்கிட்டு. பீரங்கி மேல பாவாடை காயுது சார். பீரங்கி மேல! சுவரெல்லாம் அரசமரம் வேர விட்டுக் கல்லப் பொளந்து வெச்சிருக்கு. அதப் பத்தி ஒருத்தனுக்கும் கவலை இல்ல. கல்யாணம்னா இந்தக் கூடத்துலதான் பந்தி. காது குத்தா, இங்கதான். புயல்னு சொன்னா குஞ்சு குளுவானெல்லாம் தூக்கிக்கிட்டு இங்கதான் ஓடியாருவாங்க. ஒரு ராணுவ எடத்த என்னமா வெச்சிருந்தாங்க தெரியுமா?

எல்லாத்துக்கும் மேல கருவாடு. எங்க பக்கம் மாடிய மெத்தைன்னு சொல்லுவோம். கோட்டை மெத்தை பூராவும் கருவாடு. நாலு பக்கமும் காத்து, மண்ணு ஒட்டாது, நாயி ஏறாது, கல்லு சுடும். ஒரு பகல்ல நெத்திலி சலசலன்னு காஞ்சிரும். குப்பத்துப் பொம்பளைங்க எல்லாருக்கும் மெத்தையில ஆளுக்கொரு எடம் உண்டு. எழுதி வெச்சதில்ல, அவங்கவங்க மாமியா காலத்துலேர்ந்து வர்றது. பஸ் கண்டக்டர் விசில் ஊதி என்னான்னு கூவுவான் தெரியுமா? ‘கருவாட்டுக் கோட்டை எறங்கு’. கேட்டா எனக்கு நாக்கப் புடுங்கிக்கலாம்போல இருக்கும்.

அதுல என் தங்கச்சியும் ஒருத்தி. நாகவல்லி. நாகுன்னு கூப்புடுவேன். அவ புருஷன் கடலுக்குப் போனவன் வரவே இல்ல. பொணங்கூடக் கெடைக்கல. இந்த மெத்தையில கருவாடு காயப்போட்டுத்தான் ரெண்டு பொட்டப்புள்ளைங்களையும் வளத்துக் கட்டிக் குடுத்தா. கெட்டிக்காரி. வாயும் கொஞ்சம் நீளம்.

ஒருநா தலையில ஈரக்கூடையோட மெத்தைக்கு ஏறும்போது படி சரிஞ்சு விழுந்துட்டா. தோள்பட்டை எலும்பு முறிஞ்சு போச்சு. ஆஸ்பத்திரியில கட்டுப் போட்டுக்கிட்டுப் படுத்திருக்கா, நான் பக்கத்துல உட்காந்திருக்கேன். அப்பச் சொன்னா: “அண்ணே, நீ மிலிட்டரியில இருந்தவன். பெரிய ஆளுங்கள்ட்டப் பேசத் தெரியும். அந்தப் படிய மட்டும் எப்புடியாச்சும் கட்டிக் குடுண்ணே. இன்னைக்கு நானு. நாளைக்கு எவளாச்சும் புள்ளத்தாச்சி விழுவா.”

படிய மட்டுமாம். எனக்குச் சிரிப்பு வந்துச்சு. இவங்களுக்குப் பெருசா ஆசப்படவே தெரியாது சார். நான் சொன்னேன், “படி என்னடி படி, கோட்டையவே கட்டித் தர்றேன் பாரு.”

அன்னைக்குப் புடிச்சது. எத்தனை ஆபீசு ஏறியிருப்பேன், எத்தனை பேருகிட்ட நின்னிருப்பேன். ஒருத்தர் அந்த ஆபீசுக்குப் போம்பாரு, அங்க போனா இது எங்க எடமே இல்லம்பாங்க. நான் பட்டாளத்துச் சட்டைய இஸ்திரி போட்டு மாட்டிக்கிட்டு, மெடலக் குத்திக்கிட்டுப் போயி நிப்பேன். வருஷக்கணக்கா. என் வீட்டுக்காரி, பாவம், உசுரோட இருந்தவரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தா, உங்களுக்குக் கோட்டைதான் பொண்டாட்டின்னு. கடைசியா மெட்ராஸ்லேர்ந்து ஒரு அறக்கட்டளை வந்துச்சு. பழைய கட்டடங்களச் சரிபண்ணி அந்தந்த ஊரு மக்களுக்கே குடுக்குறதுதான் அவங்க வேலை. மிருணாளினின்னு ஒரு மேடம், கட்டடக் கலை படிச்சவங்க. நல்ல பொம்பள சார், குத்தம் சொல்ல முடியாது. வெயில்ல தொப்பிகூட இல்லாம சுவரு சுவராத் தட்டிப் பாத்துக்கிட்டு நிப்பாங்க.

ஒண்ணே ஒண்ணுதான் அவங்ககிட்ட எனக்குப் புடிக்காதது. சும்மா கேள்வி கேட்டுக்கிட்டே இருப்பாங்க. வந்த மொத வாரமே கேட்டாங்க, “தனகோடி சார், இந்த எடத்த யாரு யாரு எதுக்கெல்லாம் பயன்படுத்துறாங்க? குப்பத்துல ஒரு கூட்டம் போடலாமா? முக்கியமா பொம்பளைங்கள வரச் சொல்லுங்க.”

நான் சொன்னேன், “கூட்டமெல்லாம் எதுக்கு மேடம்? அவங்களுக்கு உங்க முன்னாடி பேச வராது, கூச்சப்படுவாங்க. நான் இந்த ஊருக்காரன். என்ன வேணும்னு எனக்குத் தெரியாதா?”

“மேல கருவாடு காயுதே, அதுக்கு ஒரு பக்கம் விட்டுறலாமா? தரையில அதுக்கேத்த மாதிரி கல்லுப் பாவிக் குடுக்கலாம்”னாங்க.

“வேண்டவே வேண்டாம் மேடம்”னேன். “அவங்களே அத விட்டுடணும்னுதான் ஆசப்படுறாங்க. எடம் சுத்தமானா போதும்னு எங்கிட்டச் சொல்லிட்டாங்க.”

என்னப் பாக்குறீங்க? சொல்லலதான். ஆனா சொல்லியிருக்கணும்ல? எவளுக்காவது காலம் பூரா கருவாடு நாறிக்கிட்டுக் கெடக்கணும்னு ஆச இருக்குமா?

உங்களுக்குத் தெரியாது சார் அந்த நாத்தம் என்ன செய்யும்னு. நான் பட்டாளத்துல சேந்த புதுசுல, ஊருக்கு வந்து திரும்பும்போது எங்கம்மா ஒரு டப்பாவுல வாளைக் கருவாடு குடுத்துவிட்டுச்சு. ரயில்லயே நாலு துணி சுத்தித்தான் கொண்டுபோனேன். பேரக்ஸ்ல டிரங்குப் பெட்டியத் தொறந்தேன், அவ்ளோதான். ஒருத்தன் மூக்கப் புடிச்சான், ஒருத்தன் வாந்தி வர்ற மாதிரி நடிச்சான். டப்பாவத் தூக்கி வெளிய கடாசிட்டாங்க. அன்னையிலேர்ந்து என் பேரு மச்லி. இந்தியில மீனுன்னு அர்த்தம். தனகோடி இல்ல, மச்லி. புரமோஷன் வந்து மூணு பட்டை குத்துனப்புறமும் முதுகுக்குப் பின்னாடி மச்லிதான். நான் சோப்பப் போட்டுத் தேய்ச்ச தேய்ப்புல தோலே உரிஞ்சிருக்கணும். அதனால சொல்றேன். அந்த மக்கள் ஒசரணும்னு எனக்கு இருந்த வெறி அவங்களுக்கே இருந்ததில்ல.

வேலை ஆரம்பிச்சுது. அடடா, அந்த நாளு! சுண்ணாம்பு ஊறப்போட்டு, கடுக்காயும் வெல்லமும் சேத்து அரைச்சு, பழைய பக்குவத்துல பூசுனாங்க. அரசமர வேர ஒவ்வொண்ணா அறுத்து எடுத்தாங்க. குப்பமே வந்துச்சு சார் அப்ப. கூலிக்கு இல்ல, சும்மா. ஆம்பளைங்க கடலுக்குப் போயிட்டு வந்து கல்லு தூக்குனாங்க. சந்தானம்னு ஒருத்தன், எங்க பஞ்சாயத்தார், என் கூடப் படிச்சவன், அவனே மண்ணுல பாதி புதைஞ்சு கெடந்த பீரங்கியக் கயிறு போட்டு இழுத்தான். பொம்பளைங்க சுண்ணாம்புக்குத் தண்ணி சொமந்தாங்க. நாகு அந்த முறிஞ்ச தோளு இன்னும் வலிக்கும்போதே கொத்தனாருங்களுக்கு மீன் கொழம்பு வெச்சுக் கொண்டாருவா. “நம்ம கோட்டைக்கு நாமதான சோறு போடணும்”பா.

எல்லாரும் ஒத்துமையாத்தான் இருந்தாங்க. அதான் எனக்குப் புரியவே இல்ல. அப்புறம் என்ன வந்துச்சு அவங்களுக்கு?

வேலை முடிஞ்சுது. வேலி அடிச்சு கேட்டு போட்டாச்சு. மருந்து அறைக்குத் தேக்குல கதவு. கூடத்துத் தரை கண்ணாடி மாதிரி. அறக்கட்டளைக்குப் பணம் குடுத்த பெரிய மனுஷங்க ரெண்டு பேரு மெட்ராஸ்லேர்ந்து பாக்க வந்திருந்தாங்க. நான் சட்டையும் மெடலுமா நின்னு ஒவ்வொண்ணாக் காட்டிக்கிட்டிருக்கேன். அப்பப் பாத்து கேட்டுக்குள்ள வர்றா நாகு. தலையில ஒரு கூடை, இடுப்புல ஒரு கூடை. பின்னாடி அஞ்சாறு பொம்பளைங்க. எல்லாத்துலயும் தண்ணி சொட்டுது.

என்னப் பாத்ததும் சிரிக்கிறா. “அண்ணே, படி நல்லா அகலமாக் கட்டியிருக்காங்கண்ணே. கண்ண மூடிக்கிட்டு ஏறலாம்”னு சொல்லிக்கிட்டே ஏறுறா.

நான் ஓடிப்போயி குறுக்க நின்னேன். “நாகு, எறங்கு.”

“ஏன்?”

“மேல காயப்போடக் கூடாது.”

“இன்னைக்கா? யாரோ வந்திருக்காங்களா?”

“இன்னைக்கு மட்டும் இல்ல. இனிமே.”

“வெளையாடாதண்ணே. கழுத்து வலிக்குது, வழிய விடு.”

அந்தப் பெரிய மனுஷங்க பாத்துக்கிட்டு நிக்கிறாங்க. அதுல ஒரு அம்மா கைக்குட்டைய எடுத்து மூக்குல வெச்சுது. அவ்ளோதான் சார், எனக்கு எங்கேர்ந்து கோவம் வந்துச்சோ, அவ தலையில இருந்த கூடைய நானே எறக்குனேன். எறக்குன வேகத்துல கவுந்து போச்சு. புதுப் படியில நெத்திலி செதறிக் கெடக்கு. என் சட்டையெல்லாம் மீன் தண்ணி.

நாகு சத்தம் போடுவான்னு நெனச்சேன். போடல. குனிஞ்சு ஒவ்வொண்ணாப் பொறுக்குனா. பொறுக்கிக்கிட்டே கேட்டா, “அப்ப இந்தப் படி யாருக்குண்ணே?”

“பொதுமக்களுக்கு”ன்னேன்.

அவ திரும்பிப் பின்னாடி நின்ன பொம்பளைங்களப் பாத்தா. “பொதுமக்கள் வருவாங்களாம். எறங்குங்கடி, நாம வழிய மறைக்கக் கூடாது”ன்னா.

எறங்கிப் போயிட்டாங்க. மிருணாளினி மேடம் என்கிட்ட வந்தாங்க. “அவங்களே விட்டுடணும்னு சொன்னதாச் சொன்னீங்களே சார்?”னு மட்டும் கேட்டாங்க. நான் சட்டையத் தொடச்சுக்கிட்டிருந்தேன். அவங்களும் அப்புறம் வேற ஊருக்கு வேற வேலைக்குப் போயிட்டாங்க. போகும்போது எல்லாருகிட்டயும் சொல்லிக்கிட்டாங்க. நாகு வீட்டுக்குப் போயி சாப்புட்டுட்டுப் போனாங்களாம். என் வீட்டுக்கு வரல.

தொறப்பு விழாவுக்குத் தோரணம் கட்டி, நாற்காலி போட்டு, குப்பத்துல வீடு வீடாப் போயி நானே அழைச்சேன். ஒரு உசுரு வரல. அன்னைக்குன்னு பாத்து எல்லாருக்கும் கடல்ல வேலை. மேடையில பேசுனவரு, “இந்தக் கோட்டை இனி மக்களின் கோட்டை”ன்னாரு. கை தட்டுனது யாருங்குறீங்க? பந்தல்காரனும், மைக் செட்டுக்காரனும், நானும்.

குழுவுல இருந்தவங்க ஒவ்வொருத்தனா நழுவுனான். கல்யாணத்துக்குக் கூடம் கேட்டு ஒருத்தன் வந்தான். எழுதிக் குடு, மேல கேட்டுச் சொல்றேன்னேன். அது ஒரு குத்தமா? முறைன்னு ஒண்ணு இருக்குல்ல? அவன் ரோட்டுலயே பந்தல் போட்டுக்கிட்டான். வலை தெக்கிறவங்க வேலிக்கு வெளிய பூவரசு நெழல்ல உட்காந்துக்கிட்டாங்க. நான் வந்தா பேச்ச நிறுத்திருவாங்க. நாகு ரோட்டு ஓரத்துல தார்ப்பாய விரிச்சுக் காயப்போட்டா. ரோட்டுல போற வண்டியெல்லாம் மண்ண வாரி அடிக்குது. கடிச்சா நறநறங்குதுன்னு யாவாரி வாங்க மாட்டேன்னுட்டான். “நாகு, நான் மாசாமாசம் எதுனா தர்றேன், நீ ஏன் இந்தக் கஷ்டப்படுறே”ன்னேன். அவ தார்ப்பாய ஒதறி வேற பக்கம் விரிச்சா.

அப்புறம் புயலு வந்துச்சு. கார்த்திகை மாசம். ரெண்டு நாளா ரேடியோவுல சொல்லிக்கிட்டே இருந்தான். அப்பப் பாருங்க, நான் யாரு என்னன்னு தெரியும் உங்களுக்கு. யாரையும் கேக்கல. எந்த ஆபீசுக்கும் எழுதல. நானே கேட்டத் தொறந்தேன், கூடத்தத் தொறந்தேன், மருந்து அறையத் தொறந்தேன். வாடகைக்குப் பாயி எடுத்துப் போட்டேன். ஒரு அண்டா நெறயக் கஞ்சி காய்ச்சி வெச்சேன். மத்தியானமே இருட்டிக்கிட்டு வந்துருச்சு. மழை ஊசி மாதிரி குத்துது. குப்பம் கெளம்பிருச்சு. மூட்டையும் முடிச்சுமா, புள்ளைங்கள முந்தானைக்குள்ள வெச்சுக்கிட்டு வர்றாங்க. வாசல்ல நின்னு கைய ஆட்டுறேன். “வாங்க, வாங்க, எல்லாம் தொறந்திருக்கு!”

நேரா போறாங்க சார். கேட்டத் தாண்டி நேரா. ரெண்டு மைலு தள்ளி இருக்குற பள்ளிக்கூடத்துக்கு. அந்தக் காத்துல.

நான் ரோட்டுக்கு ஓடிப்போயி சந்தானத்தோட கையப் புடிச்சேன். “டேய், புத்தி கெட்டுப் போச்சா? அது ஓட்டுக் கட்டடம்டா. இங்க வாங்கடா!”

அவன் கைய எடுத்துவிட்டான். கோவமெல்லாம் இல்ல. சாதாரணமாச் சொன்னான்: “வேணாம் தனகோடி. ஈரக்காலோட வந்தா தரை கெட்டுப் போயிரும்.”

நாகு கடைசியா வந்தா. யாரு வீட்டுப் புள்ளையோ இடுப்புல இருக்கு. அது குளிர்ல வெடவெடன்னு நடுங்கி அழுவுது. கேட்டுக்கிட்ட வந்ததும் நின்னா. சத்தியமா நின்னா சார். உள்ள பாத்தா. பாயி விரிச்சிருக்குறதப் பாத்தா, அண்டாவப் பாத்தா. நான், “வாடா நாகு”ன்னேன். சின்னப் புள்ளையில கூப்புடுற மாதிரிக் கூப்புட்டேன். அவ புள்ளையத் தோளு மாத்திப் போட்டுக்கிட்டு, போயிட்டா.

பள்ளிக்கூடத்து ஓடு பறந்து ரெண்டு பேருக்கு மண்டை ஒடைஞ்சுது. விடிய விடிய நனைஞ்சிருக்காங்க. இங்க ஒரு சொட்டு எறங்கல தெரியுமா? நான் ஒரு ஆளு, அத்தாம் பெரிய கூடத்துல, அண்டாவுக்குப் பக்கத்துல உட்காந்திருந்தேன். ஒரு ஆளு எவ்ளோ கஞ்சி சார் குடிக்க முடியும்? இப்பச் சொல்லுங்க, இது திமிரு இல்லாம என்ன? மண்டை ஒடைஞ்சாலும் ஒடையட்டும், தனகோடி செஞ்சது வேணாம். அப்புடித்தானே?

தை பொறக்குறதுக்கு முன்னாடியே நாகு ஊர விட்டுப் போயிட்டா. எறால் உரிக்கிற கம்பெனிக்கு ஆளு புடிக்க ஏஜெண்டு வந்திருக்கான். குஜராத்துப் பக்கம் எங்கயோ. அம்பது தாண்டுனவள எவன் எடுப்பான்? வயசக் கொறைச்சுச் சொல்லிட்டுப் போயிருக்கா. கூட இன்னும் மூணு பேரு. பாஷை தெரியாது. ஐஸ் தண்ணியில கைய வெச்சுக்கிட்டு நாளெல்லாம் நிக்கணும். எனக்குச் சொன்னது யாருங்குறீங்க? டீக்கடைக்காரன். கூடப்பொறந்தவகிட்டேர்ந்து ஒரு வார்த்தை இல்ல.

அதுக்கு அடுத்த வருஷந்தான் அறக்கட்டளையில புது ஆபீசர் வந்தாரு. துடிப்பான ஆளு. கோட்டை வெறிச்சுன்னு இருக்கு, ஜனங்களோட வாழ்க்கையக் காட்டுற மாதிரி மெத்தையில சிலை வைக்கலாம்னாரு. வலை வீசுறவன் ஒண்ணு, கருவாடு காயவைக்கிற பொம்பள ஒண்ணு. “உள்ளூர் முகமா இருக்கணும், யாரு போட்டோவாவது கெடைக்குமா?”ன்னாரு. எனக்கு சட்டுன்னு தோணுனது அவதான். அவ சின்ன மக கல்யாணத்துல எடுத்த போட்டோ என்கிட்ட இருந்துச்சு. குடுத்தேன். என்னமா செஞ்சிருக்காங்குறீங்க! முழி மட்டும் கொஞ்சம் பெருசு. மத்தபடி மூக்கு, மோவாய், கூடையப் புடிக்கிற தோரணை, அசப்புல அவளேதான். காலடியில கருவாடுகூட வரிசையா வெச்சிருக்கான். பைபர்ல செஞ்சது. பெயிண்டு அடிச்சு, ஒவ்வொண்ணுக்கும் கண்ணு வெச்சு.

பொங்கலுக்கு அவ மூத்த மககிட்ட நம்பர் வாங்கிப் பேசுனேன். இந்த ஊர்ல எந்தப் பொம்பளைக்கு சார் சிலை இருக்கு? எவ்ளோ பெரிய பெருமை? சொன்னா குளுந்து போயிருவான்னு நெனச்சேன். பின்னாடி மெஷின் ஓடுற சத்தம் கேக்குது.

“நாகு, கோட்டை மெத்தையில உனக்குச் சிலை வெச்சிருக்கோம்டி”ன்னேன். “கூடையோட நிக்கிற மாதிரி. கீழ கருவாடு காயுற மாதிரி.”

அந்தச் சத்தத்துக்கு நடுவுல கேட்டா, “எப்ப வெச்சே?”

“புரட்டாசியில.”

“இன்னும் அங்கதான் நிக்குறாளா?”

“பின்ன? எங்க போவா?”

“அவள எறங்கச் சொல்லலியாண்ணே நீ?”ன்னா.

போன வெச்சிட்டா. திரும்பத் திரும்ப அடிச்சேன், எடுக்கல.

நான் என்ன சார் தப்பாச் சொன்னேன்? நீங்க படிச்சவரு, நீங்க சொல்லுங்க. அவளுக்காகத்தானே எல்லாம். அவ படி கேட்டா, நான் கோட்டையவே கட்டிக் குடுத்தேன். இந்தக் காலத்துல எந்த அண்ணன் செய்வான்?

என்னமோ போங்க. இப்ப ஆளு வெச்சுக் கூட்டக்கூட வழியில்ல, நான்தான் தெனம் வாளியும் தொடப்பமுமா ஏறுறேன். வலை வீசுறவன் பரவாயில்ல, உசரத்துல நிக்கிறான். அவ மேலதான் காக்கா எல்லாம் வந்து உட்காருது. அந்தக் கருவாட நெசம்னு நெனச்சுக் கொத்திக் கொத்திப் பாத்துட்டு, ஏமாந்து, அவ தலை மேல எச்சம் போட்டுட்டுப் போயிருது. ஈரத்துணியால மூஞ்சியத் துடைச்சுவிடுவேன். கன்னம், நெத்தி, காதுப் பக்கம் எல்லாம். பெயிண்டு உரியாம மெதுவாத் துடைக்கணும்.

அவகிட்டப் பேசுவேனான்னு கேக்காதீங்க. எனக்கென்ன பைத்தியமா? துடைச்சுட்டு எறங்கிருவேன்.